மேல் டிவிசனுக்குக் கேட்கும் என்றார்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடக்கும். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. அன்று வேலை இல்லை, குழந்தைகளும் இல்லை. நான் ஆயாவிடம் சாவி வாங்கித் திறந்து, தொட்டில் கட்டும் கம்பிகளுக்குக் கீழே பாய் விரித்து, உயர்தரப் பரீட்சைக்கு ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கும் சில பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறேன். கல்வியியற் கல்லூரிப் படிப்பு முடிந்து, நியமனத்துக்குக் காத்திருக்கும் காலம் இது.

பிள்ளைகளுக்குக் கதையும் கவிதையும் பயமில்லை. அவற்றில் வரும் உத்திகளின் ஆங்கிலப் பெயர்கள்தான் பயம். சிமிலி, மெட்டஃபர், பெர்சோனிஃபிகேசன், ஐரனி என்று பட்டியலாகக் கொடுத்தால் மருந்துக் குளிசைகளின் பெயரைப் போல மனப்பாடம் செய்கிறார்கள், பரீட்சை மண்டபத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை விழுங்கிவிடுகிறார்கள். அதனால் நான் தோட்டத்திலிருந்தே உதாரணம் எடுப்பேன். வரிசை வீடுகளான எங்கள் லயம் ரயிலைப் போல நீளமாக இருக்கிறது என்றால் சிமிலி, அதாவது உவமை. லயம் ஒரு ரயில் என்றால் மெட்டஃபர், உருவகம்.

"எங்க ரயிலு மட்டும் கெளம்பவே மாட்டேங்குதே டீச்சர்" என்றாள் ஒருத்தி.

"டிக்கட் எடுத்தியா மொதல்ல?" என்று பின்னால் இருந்து ஒரு குரல்.

கேட்காமலே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அடுப்பங்கரையில் உட்காரும் மூடுபனி, பெர்சோனிஃபிகேசன். 'ஒங்களக் கட்டி மேய்க்கிறதுக்குள்ள எனக்கு உசுரே போச்சு' என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் தினமும் சொல்லிவிட்டு மறுநாளும் உயிரோடு வந்து நிற்கிற கங்காணியின் பேச்சு, ஹைபர்போல், உயர்வு நவிற்சி. மலையில் பெய்கிற மழையெல்லாம் பொல்பிட்டியப் பக்கம் இறங்கிப்போய் நாட்டுக்கு மின்சாரம் ஆகிறது, அதே மழை வந்தால் முதலில் அணைவது எங்கள் பல்ப். இது ஐரனி, முரண்நகை.

அடுத்தது டிரமாட்டிக் ஐரனி. பார்க்கிறவர்களுக்குத் தெரியும், மேடையில் நிற்பவருக்குத் தெரியாது. இதற்கு நான் எங்கள் மாசி மாதக் கூத்தைச் சொல்வேன். அந்தக் கூத்தில் ஒருவர் கடைசியில் எரிந்து சாம்பலாவார். மனைவி போகாதே என்று அழுவாள், அவர் கேட்காமல் புறப்படுவார். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கெல்லாம் முடிவு தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும். என்னிடம் இன்னொரு உதாரணமும் இருக்கிறது. அதை வகுப்பில் சொன்னதில்லை.

நான் உயர்தரம் எழுதிக்கொண்டிருந்தபோது, ஆங்கில இலக்கியம் இரண்டாம் வினாத்தாளுக்கு முந்திய சனிக்கிழமை அதிகாலையில் என் அப்பா இறந்துபோனார். ஞாயிறு பிற்பகல் அடக்கம் செய்தார்கள். திங்கட்கிழமை நான் பரீட்சை எழுதினேன். எழுதி முடித்து வெளியே வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

வீட்டில் எனக்குக் கலண்டர் என்று பட்டப்பெயர். யார் எந்த நாளில் பிறந்தது, எந்தத் திருவிழாவில் மழை பெய்தது, எந்த மாதம் எங்கள் பாதையில் மண்சரிந்தது என்றெல்லாம் என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் இங்கே கிழமைகளை மட்டுமே எழுதுகிறேன். அப்பாவுக்குத் திகதி போடுவதென்றால் எனக்கு இரண்டு போடவேண்டும், அவர் போன நாள் ஒன்று, எனக்குத் தெரிந்த நாள் ஒன்று.

பரீட்சைகள் மாதம் மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஒன்று அது. எங்களுக்குத் தை மாதக் கடைசியில் வந்தது. அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தார். எங்கள் லயம் கீழ் டிவிசனில். வீட்டில் ஒரே அறை, ஒரே விளக்கு, பக்கத்து வீட்டில் புதிதாக வாங்கிய ஸ்பீக்கர். அதனால் அப்பாவின் தங்கை, என் அத்தை, என்னை மேல் டிவிசனுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டார். அத்தைக்கும் மாமாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அவர்கள் வீடு பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மலை முதுகைத் தாண்டி இருக்கிறது. அங்கே கைப்பேசி என்று இருந்தது அத்தையின் பழைய பட்டன் ஃபோன் மட்டும்தான். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா அதில் பேசுவார்.

வெள்ளிக்கிழமையும் பேசினார். மாசிக் கூத்தில் எரிந்துபோகிற வேஷத்தைப் பல வருடமாகக் கட்டுகிறவர் அவர்தான். அந்த இடம் வரும்போது அம்மா பார்க்கமாட்டார், தேத்தண்ணி ஊற்றப் போகிறேன் என்று உள்ளே போய்விடுவார். அன்று மதியம்தான் நான் டிரமாட்டிக் ஐரனியைப் படித்திருந்தேன். அதை அப்பாவிடம் சொன்னேன்.

"ஒங்களுக்குத் தெரியாதுப்பா, பாக்குற எங்களுக்குத் தெரியும். அதுக்குத்தான் இங்கிலீசுல அப்படிப் பேரு."

"அப்ப நான் வருசா வருசம் இங்கிலீசு நாடகம் போட்டுக்கிட்டிருக்கேன்னு சொல்லு. இது தெரியாம ஒங்கம்மா எனக்கு மரியாதையே குடுக்கல பாரு."

பின்னால் அம்மா ஏதோ சொன்னார். அப்பா சிரித்தார். "திங்கக்கெழம எழுதி முடிச்சுட்டு நேரா இங்க வந்துரு. கூத்துப் பழக ஆரம்பிக்கிறோம். தப்புக்காரங்க வாராங்க" என்றார்.

அன்று இரவு ஃபெக்டரி வேலையில் நெஞ்சு வலித்திருக்கிறது. லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

இனி நான் எழுதுவதில் பாதி நான் பார்த்தது, பாதி பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டு வரிசைப்படுத்தியது.

சனிக்கிழமை காலை அத்தை வீட்டில் இல்லை. "கீழ கோயில்ல ரெண்டு நாள் வேலன்னு, ஃபோன வச்சுட்டுப் போயிட்டா" என்றார் மாமா. அவரே ரொட்டி தட்டினார், கோணல் மாணலாக. நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று மாலை ஃபோன் வரவில்லை. டவர் இல்லை என்றார். எங்கள் பக்கத்தில் அது நடக்கிற காரியம்தான்.

ஞாயிறு காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேல் டிவிசன் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாமா வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து உடைந்த குடை ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"எங்க மாமா எல்லாரும் போறாங்க?"

"சங்கக் கூட்டம்."

"நீங்க போகலயா?"

"போனா யாரு குடைய முடிக்கிறது? நீ படி."

சங்கக் கூட்டத்துக்கு இத்தனை பேர் போய் நான் பார்த்ததில்லை. பாயாசம் கொடுக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய், ஃபோர்ஷடோவிங் என்ற சொல்லுக்கு விளக்கம் மனப்பாடம் செய்தேன். பின்னால் வரப்போவதை முன்னாலேயே குறிப்பாகக் காட்டுவது. உதாரணம் இரண்டு எழுதிப் பார்த்தேன். மாமா அன்று முழுவதும் அந்தக் குடையோடு இருந்தார். தன் மைத்துனரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போகாமல் எனக்குக் காவலாக இருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மாலையில் அத்தை தலை நனைந்து வந்தார். சேலையும் ஈரம். தைக் குளிரில் அந்த நேரத்தில் யாரும் தலைக்கு ஊற்றமாட்டார்கள். கோயிலிலிருந்து வருகிறவர் நெற்றியில் திருநீறு இல்லை. இரண்டையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, "அத்த, தலயத் தொடைங்க, தடிமன் புடிக்கும்" என்று மட்டும் சொன்னேன். அத்தை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு நெருப்பை ஊதினார். வெகுநேரம் ஊதினார். விறகு ஈரம் என்றார்.

சற்று நேரத்தில் அம்மா ஃபோனில் கூப்பிட்டார். குரல் கட்டியிருந்தது. தனக்குத் தடிமன் என்றார். அப்பாவிடம் கொடுங்கள் என்றேன்.

"தூங்குறாரு. நல்லா எழுது."

திங்கட்கிழமை காலை அத்தை முட்டை அவித்துக் கொடுத்தார். பரீட்சை நாளில் நான் முட்டை சாப்பிட்டுப் போவது வழக்கம். சாவு நடந்த குடும்பத்தில் கருமாதி முடியும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சேர்க்கமாட்டோம், முட்டையும் மச்சம்தான். கொடுக்காவிட்டால் நான் ஏன் என்று கேட்பேன். அதனால் அத்தை தன் அண்ணனை அடக்கம் செய்த மறுநாள் எனக்கு முட்டை அவித்தார். வெளியே வந்து, வழக்கம்போலப் பிள்ளையார் கோயிலுக்குள் நுழையப் போனேன். அத்தை கையைப் பிடித்தார்.

"உள்ள வேணாம். இங்கேருந்தே கும்புடு."

"ஏன் அத்த?"

"நேரமாச்சு. சாமிக்கு இங்கேருந்தும் தெரியும்."

சாவுத் துடக்கு வீட்டுப் பெண் கோயிலுக்குள் போகக் கூடாது. என்னை அந்தப் பாவத்தில் விழவிடாமலும், ஏன் என்று தெரியவிடாமலும் காக்க அத்தைக்கு அந்த ஒரு கணம்தான் இருந்தது. நான் வாசலில் நின்று, அப்பா சந்தோஷப்படும்படி எழுதவேண்டும் என்று கும்பிட்டேன்.

எப்போதும் சந்தியில் பஸ் ஏறித்தான் ஹட்டனுக்குப் போவோம். அன்று மாமா என்னைக் குறுக்குப் பாதையில் றொசல்ல ஸ்டேசனுக்கு நடத்திக் கூட்டிப்போய் ரயில் ஏற்றினார். பஸ்ஸில் நெரிசல் என்றார். சந்தியில் வெள்ளைக் கொடிகளும் அப்பாவின் படம் போட்ட பதாகையும் கட்டியிருந்தார்கள்.

வினாத்தாளில் டிரமாட்டிக் ஐரனி வந்தது. ஒரு நாடகப் பகுதியைக் கொடுத்து, அதில் அந்த உத்தி எப்படிப் பயன்பட்டிருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். அறியாமல் பேசும் பாத்திரத்தின் சாதாரணச் சொற்கள்கூட, அறிந்தவர்களின் காதில் கனமாக விழும் என்று எழுதினேன். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. திரும்ப ஒருமுறை வாசித்தேன்.

வாசலில் என் அண்ணன் நின்றான். தலையில் கம்பளித் தொப்பி, காது வரை இழுத்துவிட்டிருந்தான். அவன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். எந்தக் கேள்வி வந்தது, எதை விட்டேன், அப்பாவிடம் ஃபோனில் சொன்னதே அப்படியே வந்தது. அவன் கேட்டுக்கொண்டே நடந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் இறக்கத்தில் வெயில் நன்றாக அடித்தது.

"என்னடா, வெயில்ல குரங்குத் தொப்பி? மொட்டையா போட்டுருக்க?"

அவன் நின்றான். தொப்பியைக் கழற்றினான். தலை மழிக்கப்பட்டிருந்தது. மீசையும் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். எங்கள் வீட்டில் மூத்த மகன் எப்போது அப்படிச் செய்வான் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நீ சொல்லி முடிக்கட்டும்னு இருந்தேன்" என்றான்.

கலண்டர் என்று பெயரெடுத்த நான் என் அப்பாவின் திகதியைச் சந்தியில் கட்டியிருந்த பதாகையில்தான் படித்தேன். படம் என் பாடசாலைப் பரிசளிப்பில் எடுத்தது. என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் போட்டிருந்தார்கள். அவர் தோளில் என் விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

வீட்டில் அவர் தலை வைத்திருந்த இடத்தில் ஒரு விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் இருந்தன. அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். அழுதார் என்று சொல்லமுடியாது. இரண்டு நாளாக வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுததில் சத்தம் வெளியே வரும் பழக்கமே போயிருந்தது.

பிறகுதான் தப்பு மேளத்தைப் பற்றித் தெரிந்தது. எங்கள் தோட்டத்தில் யார் இறந்தாலும் தப்பு அடித்துத்தான் எடுப்பார்கள். நெருப்பில் தோலைக் காய்ச்சி அடித்தால் மலை அதிரும். அப்பா அந்தத் தாளத்துக்குத்தான் வருடா வருடம் ஆடினார். அவர் வீட்டு வாசலில் அன்று தப்பு அடிக்கவில்லை. அடிக்கக் கூடாது என்று சொன்னவர் அம்மா.

அண்ணன் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன். பூண்டுலோயாவிலிருந்து வந்த பெரியப்பா, அப்பாவுக்கு மூத்தவர், வாசலில் நின்று கேட்டாராம்.

"தப்பு இல்லாம எப்படித் தூக்குறது? எந்தம்பி என்ன அநாதப் பொணமா?"

"மேல் டிவிசனுக்குக் கேக்கும்" என்றாராம் அம்மா. "அங்க கோயில்ல ஸ்பீக்கர் போட்டா இங்க நம்ம வாசல்ல கேக்குதுல்ல. இது கேட்டா யாரு வீட்டுச் சாவுன்னு ஓடி வந்துரும். நாளைக்கிப் பரீச்ச."

"பரீச்ச அடுத்த வருசமும் வரும். அவன் வருவானா?"

"அவரு இருந்தா இதத்தான் சொல்லுவாரு."

பெரியப்பா மண் போட்டதும், கைகூட நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தப்புக்காரர்கள் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடிக்காமல், பிணத்துக்கு முன்னால் மயானம் வரை நடந்தார்களாம். அவர்களில் மூத்தவர் அந்த வாரம் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணன நடக்கவிட்டு அனுப்பிட்டோம்மா. இத்தன வருசம் ஆடவச்சவன் நான்."

அப்பா என்ன சொல்லியிருப்பார்? அம்மா சொன்னதையா, பெரியப்பா சொன்னதையா? இந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ மாலைகளில் இரண்டு பக்கமும் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். படிக்க வைத்தவரும் அவர்தான், மேளச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவரும் அவர்தான். ஒன்றை மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடித்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும், நான் ஓடி வந்திருப்பேன், வினாத்தாள் போயிருக்கும். அவர் கொடுத்த விலைக்கு ஒரு காரணமாவது இருந்தது.

பெறுபேறு வந்தபோது அந்தப் பாடத்துக்கு சீ தரம்.

"சீன்னா நல்லதா?" என்று அத்தை கேட்டார்.

"சுமார் அத்த."

அந்தச் சீயும் மற்ற இரண்டு பாடங்களும் சேர்ந்துதான் என்னைக் கல்வியியற் கல்லூரிக்கு அனுப்பின.

இது இந்த வருடம். தை முடிகிற நேரம் அத்தை மலையில் வழுக்கிக் காலைப் பிசகிக்கொண்டார். துணைக்கு நான் போயிருந்தேன். மாசிக் காலத்தில் நான் எப்போதும் கீழேதான் இருப்பேன். அத்தையும் மாமாவும்கூடக் கூத்துக்குக் கீழே வந்துவிடுவார்கள். அந்தப் பருவத்தில் மேல் டிவிசனில் நான் தங்கியது, பரீட்சைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

மாலையில் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தோம். காற்றே இல்லை. அண்ணன் ஃபோனில் கூப்பிட்டான். இப்போது அப்பாவின் வேஷத்தை அவன்தான் கட்டுகிறான். "பழக ஆரம்பிச்சுட்டோம். சத்தம் கேக்குதா?" என்றான். அவன் பின்னால் தப்பு அதிர்ந்துகொண்டிருந்தது. ஃபோனுக்குள் அவன் பேச்சே சரியாக விளங்காத அளவுக்கு அடித்தார்கள்.

நான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தேன். பக்கத்து வீட்டில் யாரோ அரிசி களைந்தார்கள், அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு நாய். திரும்பக் காதில் வைத்தேன், தப்பு. எடுத்தேன், அரிசி. அவன் 'ஹலோ, ஹலோ' என்றுகொண்டிருந்தான். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

"அத்த, கீழ தப்பு அடிக்கிறாங்க. இங்க கேக்கலயே."

அத்தை கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க எப்ப கேட்டுச்சு? அந்த மேடு மறைக்குதே. நம்ம ஸ்பீக்கரு மரத்து உச்சியில கட்டியிருக்கு, அது அவங்களுக்குக் கேக்கும். அவங்க பள்ளத்துல அடிக்கிறது எங்கேருந்து நமக்குக் கேக்குறது?"

"அன்னிக்குச் சொல்லலயா நீங்க?"

"சொன்னேன். கேக்காதுன்னுதான் சொன்னேன். காத்து திரும்புனா நீ பொறுப்பா, புள்ள பரீச்சைக்கு நீ பொறுப்பான்னு கேட்டாங்க. நாலு பேரு. நான் வாய மூடிக்கிட்டேன்." காலை மெல்ல நகர்த்தி வைத்து, "எங்கண்ணன், நான் இன்னொரு தடவ சொல்லியிருக்கணும்" என்றார். அந்தக் குரலில் அழுகை இல்லை. அன்று அடுப்பை ஊதிய குரல்தான்.

இருட்டிவிட்டது. மாமா வந்து விளக்குப் போட்டார். உள்ளே போகும்போது அத்தை என் தோளைப் பிடித்து எழுந்து, "ஒங்கம்மாகிட்ட இதச் சொல்லாத" என்றார். "அவ அதப் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கா."

மறுநாள் கீழே இறங்கினேன். அம்மா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தைக்குக் கால் எப்படி இருக்கு?"

"வீக்கம் எறங்கிருச்சு."

"நேத்து பழகுனாங்க. அண்ணன் நல்லா ஆடுறான், அவங்கப்பா மாதிரியே தோளத் தூக்குறான்." ஒரு கட்டையைச் சரியாக வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார். "மேல சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. நல்லாக் கேட்டுச்சு."

"கேக்கும்" என்றார் அம்மா. "அன்னிக்கே சொன்னேன்ல."

நான் குனிந்து அடுத்த கட்டையை எடுத்துக் கொடுத்தேன்.